கூபே என்றால் இருவர்

இராஜமாணிக்கத்துக்கு நாற்பத்தாறு வயது முடியும்வரை கூபே என்ற சொல்லைப் பற்றி ஒரு சந்தேகமும் இருந்ததில்லை. கல்கத்தாவில் வேறு யாருக்காவது சந்தேகம் வந்தால் அதைத் தீர்த்து வைப்பதற்கென்றே ரயில்வே அவருக்குச் சம்பளம் கொடுத்து வந்தது. டல்ஹௌசிக்குப் பக்கத்தில், ரிசர்வேஷன் அலுவலகத்தின் இரண்டாம் மாடியில், மின்விசிறிக்கு நேர் கீழே வராமல் சற்றுத் தள்ளியே போடப்பட்ட ஒரு மேஜையில் உட்கார்ந்துகொண்டு, பதினெட்டு வருஷமாக அவர் செய்து வந்த வேலை ஒன்றே ஒன்று. முதல் வகுப்புப் பெட்டியிலுள்ள கூபே யாருக்குப் போகவேண்டும் என்று முடிவு செய்வது.

முதல் வகுப்பில் நான்கு பேர் படுக்கும் அறைக்குக் கேபின் என்று பெயர். இரண்டு பேர் படுக்கும் அறை கூபே. கதவைச் சாத்திக்கொண்டால் உள்ளே இருப்பவர்கள் ராஜா ராணி. ஆகவே புதுசாகக் கல்யாணம் ஆனவர்களும், பழைய கல்யாணத்தைப் புதுப்பிக்க நினைத்தவர்களும், யாரோடும் பேசப் பிடிக்காத பெரிய மனிதர்களும் அந்த மேஜைக்கு முன்னால் வந்து நின்றார்கள். இராஜமாணிக்கம் மனுவைப் படிப்பார். பெயர்களை எண்ணுவார். இரண்டு என்றால் யோசிப்பார். மூன்று என்றால் யோசிக்கவே மாட்டார்.

ஒருமுறை ஓர் இளம் தம்பதி கைக்குழந்தையோடு வந்தார்கள்.

"குழந்தைக்கு டிக்கெட்டே கிடையாது சார்" என்றான் அந்தப் பையன்.

"டிக்கெட் இல்லை, சரி. குழந்தை இருக்குல்லா?" என்றார் இராஜமாணிக்கம். அவர்கள் கேபினில் போனார்கள். அவர் அந்த மனுவின் மேல் சிவப்பு மையால் எழுதிவைத்தார்: கூபே என்றால் இருவர்.

இந்த அளவுக்குத் தெளிவுள்ள ஒரு மனிதருக்குச் சொந்த ஊரில் என்ன மரியாதை இருந்திருக்க வேண்டும்? அம்பாசமுத்திரத்தில் மாமியார் வீட்டார் அவரை 'பாஸ் மாப்பிள்ளை' என்று அழைத்தார்கள். அந்தப் பெயரை வைத்தவர் மனைவி சுலோசனாவின் அண்ணன் சண்முகம். துணைத் தாசில்தார். கல்யாணப் பந்தலில், சாம்பார் வாளிக்கும் ரசவாளிக்கும் நடுவில், ஊரே கேட்கும்படி அவர் சொன்னது இது: "மாப்பிள்ளைக்கு இந்தியா பூராவும் ஓசி ரயிலு. இறங்கினா நடராசா சர்வீஸு. சைக்கிள்கூடக் கெடையாது. ரயில்வே பாஸு மட்டும் இல்லேன்னா பொண்ணு பாக்கவே வந்திருக்க மாட்டாரு." பந்தி முழுக்கச் சிரித்தது. பரிமாறியவன்கூடச் சிரித்தான். அன்றிலிருந்து பதினாறு வருஷம் கல்யாணம், காதுகுத்து, கருமாதி என்று எதற்குப் போனாலும், "பாஸ் மாப்பிள்ளை வந்தாச்சா?" என்ற குரல்தான் வாசலில் வரவேற்றது.

எழுபத்து மூன்றாம் வருஷம் ஆனி மாதக் கடைசியில் சண்முகத்திடமிருந்து கடிதம் வந்தது. துர்கா பூஜைக்கு மனைவி ராஜம்மாவோடு கல்கத்தா வருவதாகவும், மெட்ராஸ் மெயிலில் வந்திறங்குவதாகவும், 'ஹவுராவில் மாப்பிள்ளை வந்து எங்களை நடத்திக் கூட்டிப்போவார் என்று நம்புகிறேன்' என்றும் எழுதியிருந்தார். நடத்தி என்ற சொல்லுக்குக் கீழே கோடு போட்டிருந்தது.

இராஜமாணிக்கம் அந்தக் கோட்டையே அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, அவர்கள் குடியிருந்த லேக் கார்டன்ஸ் தெருவின் கோடி வீட்டுக்குப் போனார்.

அங்கே டாக்டர் நீரதபரண் சென்குப்தா இருந்தார். மகன் சால்ட் லேக்கில் மணல்வெளிக்கு நடுவே வீடு கட்டியிருந்தான். டாக்டர் அங்கே போகப்போவதாகவும், கண் சரியில்லாததால் இனி ஓட்ட முடியாத தம்முடைய ஹெரால்டு காரை நல்ல கையில் கொடுக்க விரும்புவதாகவும் தெருவுக்கே தெரியும். பாலாடை நிறம். இரண்டு கதவு. மெட்ராஸில் செய்த வண்டி. பத்து வருஷத்தில் ஒரு கீறல் கிடையாது. பேச்சு ஒரே மாலையில் முடிந்தது.

"ஆடி பொறந்தாச்சு. ஆடியில போயி யாராவது வண்டி வாங்குவாகளா?" என்று சுலோசனா தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"இது வங்காளம். இங்க ஆடி கெடையாது, ஸ்ராவண்தான்."

"பேர மாத்திக்கிட்டா மாசம் மாறிருமாக்கும்."

பின்னால் வந்த துன்பங்களுக்கெல்லாம் காரணம் ஆடிதான் என்று அவள் கடைசிவரை நம்பினாள். உண்மையில் காரணம் ஒரு பேனா.

வண்டியைத் தம் பெயருக்கு மாற்றுவதற்கான மனுவை இராஜமாணிக்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குளித்து, திருநீறு பூசி, ஊஞ்சல் மாதிரி ஆடாத மேஜையாகப் பார்த்து உட்கார்ந்து நிரப்பினார். எண், எஞ்சின் எண், நிறம் எல்லாம் சரியாக வந்தன. 'உடலமைப்பு வகை' என்ற கட்டத்தில் பேனா நின்றது. டாக்டரின் பதிவுப் புத்தகத்தில் அந்த இடத்தில் 'சலூன்' என்று இருந்தது.

"சலூனா? அது முடி வெட்டுத இடமுல்லா?" என்றாள் எட்டிப் பார்த்த சுலோசனா.

ரயில்வேக்காரரான அவருக்கு அந்தச் சொல் அதைவிடப் பயங்கரமானது. ரயிலில் சலூன் என்பது ஜெனரல் மானேஜர் போகிற தனிப் பெட்டி. படுக்கை, சமையலறை, வெள்ளை உடுப்புப் போட்ட சேவகன் எல்லாம் உள்ளது. அதற்குள் எட்டிப் பார்க்கவே அவருக்கு உத்தரவு கிடையாது. தம் பெயருக்கு நேராகச் சலூன் என்று தம் கையாலேயே எழுதி, அது எப்படியாவது மேலிடத்துக்குத் தெரிந்தால்? எழுந்து போய் ஜன்னல் வழியாக வண்டியைப் பார்த்தார். கதவுகளை எண்ணினார். இரண்டு. முன் இருக்கைகளை எண்ணினார். இரண்டு. பதினெட்டு வருஷ அனுபவம் அவர் தோளில் தட்டிக் கொடுத்தது. திரும்பி வந்து, டாக்டர் பத்து வருஷமாகச் செய்துவந்த தவறைத் திருத்துகிற பெருமிதத்தோடு, கொட்டை எழுத்தில் எழுதினார்: கூபே.

வண்டிப் பதிவு அலுவலகத்தில் அந்த மனு ஹால்தார் பாபுவின் மேஜைக்குப் போயிற்று. ஹால்தார் பாபு ஒல்லியான மனிதர். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத்தான் படிப்பார். ஒரு கையில் பதிவுப் புத்தகத்தையும் மறு கையில் மனுவையும் பிடித்து, தராசு மாதிரி மேலும் கீழும் ஆட்டினார்.

"மானிக் பாபு, சலூன் எங்கே?"

"எந்த சலூன்?"

"புத்தகத்தில் இருக்கிற சலூன். மனுவில் கூபே இருக்கிறது. ஒரு வண்டி இரண்டு வண்டியாக இருக்க முடியாது, மொஷாய். ஒன்று, டாக்டருடைய சலூனை எங்கேயோ ஒளித்துவிட்டு வேறொரு வண்டியைக் காட்டுகிறீர்கள். இல்லையென்றால், அனுமதி வாங்காமல் ஒரு சலூனைக் கூபேயாக மாற்றியிருக்கிறீர்கள். இரண்டாவது என்றால் குற்றம். முதலாவது என்றால் பெரிய குற்றம்."

"ஐயையோ, ஒரு சொல்லுதானே? அடிச்சிட்டு சலூன்னே எழுதித் தாறேன்."

"அடித்தல் திருத்தல் உள்ள மனு செல்லாது."

"புது மனு?"

"பழைய மனு விசாரணையில் இருக்கும்போது புது மனு எப்படி வாங்குவது?"

இராஜமாணிக்கம் மனுவைத் திரும்ப வாங்க நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். கோபம் வரவேண்டிய இடம். ஆனால் முதலில் வந்தது ஒரு விதமான மரியாதை. இதே இரண்டு வாக்கியங்களை இதே தொனியில் தாமே எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறார்! கோபம் டிராம் ஏறிய பிறகுதான் வந்தது. லேக் கார்டன்ஸ் வந்து சேர்வதற்குள் அது ராஷ்பிஹாரி முக்கைவிடப் பெரிதாக வளர்ந்திருந்தது.

உத்தரவு இது: உடலமைப்பு விஷயம் தீரும்வரை பதிவுப் புத்தகம் அலுவலகத்தில் இருக்கும். வண்டி நின்ற இடத்தை விட்டு நகரக்கூடாது.

அன்றிலிருந்து இராஜமாணிக்கம் கதவு எத்தனை, கூரை எப்படி என்று ஆராய்கிற ஆளாகிப் போனார். ஜாதவ்பூர் ஸ்டேஷன் பக்கம் முகமது இஸ்மாயில் கேரேஜ் வைத்திருந்தார். மேலப்பாளையத்துக்காரர். ஏரிக்கரையில் அதிகாலையில் இராஜமாணிக்கத்துக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். பூஜைக்கு இன்னும் ஏழு வாரம் இருக்கையில் இராஜமாணிக்கம் போய் அவர் முன்னால் உட்கார்ந்தார்.

"ஏ இஸ்மாயிலு, ரெண்டு கதவு இருந்தா கூபேதானடே?"

இஸ்மாயில் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார். "யார் சொன்னது அண்ணாச்சி? கதவ எண்ணி வண்டிக்குப் பேரு வைக்கது, சட்டைப் பித்தான எண்ணி ஆளு யாருன்னு சொல்லுத மாதிரி. வீட்டுல பீரோவுக்குந்தான் ரெண்டு கதவு. அது கூபேயா?"

"பின்ன எத வச்சுச் சொல்லுதது?"

"கூரையப் பாருங்க. முன்னால எஞ்சினுக்கு ஒரு பெட்டி, நடுவுல ஆளுக்கு ஒரு பெட்டி, பின்னால சாமானுக்கு ஒரு பெட்டி. மூணும் தனித்தனியாத் தெரியுதா? கூரை பின்சீட்டுல இருக்கவன் தலைக்கு மேல வரைக்கும் மட்டமா வந்து அதுக்கப்புறந்தான் இறங்குதா? கதவு முடியுத எடத்துல தூண் நிக்கா? அப்ப அது சலூன். அமெரிக்காக்காரன் செடான்ங்கான், இங்கிலீஷ்காரன் சலூன்ங்கான், ரெண்டும் ஒண்ணுதான். ரெண்டு கதவு சலூனும் உண்டு, நாலு கதவு சலூனும் உண்டு."

"கூபே?"

"கூபேன்னா கூரையக் கொஞ்சம் முன்னாலயே வெட்டுன மாதிரி இருக்கும். பின்சீட்டுக்காரன் பிடரியிலயே வந்து சரிஞ்சிரும். பாக்க சோக்கா இருக்கும், ஆளு உக்கார முடியாது. பின்னால ஒரு குடையும் ஒரு பூசணிக்காயும் வைக்கலாம். உங்க வண்டி சுத்தமான சலூன் அண்ணாச்சி. அதுல ஏன் போயி கூபேன்னு எழுதுனிய?"

இராஜமாணிக்கம் செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்தார். ஜெனரல் மானேஜர் கதையை ஒரு மெக்கானிக்கிடம் சொல்ல முடியாது.

மறுநாள் ஹால்தார் பாபு இந்த விளக்கத்தை முழுவதும் கேட்டார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"அருமை. இஸ்மாயில் இதை எந்த விதியின் கீழ் சொல்கிறார்?"

"விதியில்ல. வண்டியப் பாத்துச் சொல்றாரு."

"வண்டியைப் பார்த்து யார் வேண்டுமானாலும் சொல்லலாமே, மானிக் பாபு. அப்புறம் இந்த அலுவலகம் எதற்கு? பழைய சொந்தக்காரரிடமிருந்து ஒரு கடிதம் கொண்டு வாருங்கள்."

சால்ட் லேக்குக்கு அந்த நாளில் பஸ் போன தூரம் கொஞ்சம், மனிதன் நடந்த தூரம் நிறைய. காற்றடித்தால் மணல், மழை பெய்தால் சேறு. இராஜமாணிக்கம் போன அன்று இரண்டும் இருந்தன. சொந்தமாகக் கார் உள்ள ஒரு மனிதர், அந்தக் காரைப் பற்றி ஒரு கடிதம் வாங்குவதற்காக முழங்கால்வரை சேற்றில் நடந்து போனார். வழி கேட்டவர்களிடம், "ஆமார் காடி ஆச்சே", என்னிடம் கார் இருக்கிறது, என்று காரணமில்லாமல் வங்காளத்தில் சொல்லிக்கொண்டும் போனார்.

டாக்டர் நீரதபரண் சந்தோஷமாகக் கடிதம் எழுதினார். படித்த மனிதர், கல்கத்தாக்காரர், கேட்டது ஒரு வரி. ஆகவே நான்கு பக்கம் எழுதினார். வண்டி தாம் வாங்கிய நாளில் எப்படி இருந்ததோ அப்படியே இன்றும் இருக்கிறது, அது சலூன்தான், ஆயினும் கூபே என்று எழுதிய தம் நண்பரையும் குறை சொல்வதற்கில்லை, ஏனெனில் அது அழகான பிரெஞ்சுச் சொல், 'வெட்டப்பட்டது' என்று அதற்குப் பொருள், குதிரை வண்டிக் காலத்தில் பெரிய வண்டியின் ஒரு பாதியை வெட்டிவிட்டு இருவர் மட்டும் உட்காரும்படி செய்ததால் வந்த பெயர். அதற்கு மேல் அந்தக் காலத்துக் குதிரைகளைப் பற்றி இரண்டு பக்கம்.

ஹால்தார் பாபு நான்கு பக்கத்தையும் படித்து, ஒரே ஒரு சொல்லுக்குக் கீழே கோடு போட்டார்.

"வெட்டப்பட்டது."

"அது சொல்லோட அர்த்தம் சார்! வண்டிய யாரும் வெட்டல!"

"மனுதாரர் தம் கைப்பட 'வெட்டப்பட்டது' என்று எழுதியிருக்கிறார். முந்தைய சொந்தக்காரர் அந்தச் சொல்லுக்கு அதுதான் பொருள் என்று சாட்சி சொல்கிறார். இதற்கு மேல் நான் என்ன செய்ய?" என்று ஹால்தார் பாபு உண்மையிலேயே வருத்தப்பட்டார். "நேரில் வந்து பார்க்க வேண்டியதுதான். தேதி அனுப்புகிறேன்."

தேதி வரவில்லை. ஆவணி போயிற்று. புரட்டாசி வந்தது. தெருவில் பூஜைப் பந்தலுக்கு மூங்கில் வந்து இறங்கியது. கமிட்டிக்காரர்கள் வந்து, "காக்கு, வண்டியைக் கொஞ்சம் நகர்த்துங்கள்" என்றார்கள். நகர்த்தக் கூடாது என்று அரசாங்க உத்தரவு இருப்பதை இராஜமாணிக்கம் காட்டினார். அவர்கள் அதை ஆளுக்கொரு தடவை வாசித்துவிட்டு, வண்டியைச் சுற்றியே பந்தலைக் கட்டினார்கள். இடது பக்க பம்பரில் ஒரு கயிறு கட்டியாயிற்று. தினமும் காலையில் அவர் போய் மூங்கில்களுக்கு நடுவே புகுந்து வண்டியைத் துடைத்துவிட்டு, மேலே சிந்திய பசையைச் சுரண்டிவிட்டு, டிராமில் அலுவலகம் போனார். அங்கே கடற்கரை ஊரான பூரிக்குப் போகிற பூஜைக் கூட்டம் அவருக்காகக் காத்திருந்தது. அந்த வருஷம் கூபே கேட்டவர்கள் யாரும் அவர் முகத்தை நேராகப் பார்க்கத் துணியவில்லை.

"பேசாம அண்ணனுக்கு எழுதிப் போடுங்க, வண்டி ரிப்பேருன்னு" என்றாள் சுலோசனா.

"ரிப்பேரா? வண்டியில ஒரு குத்தமும் இல்ல தெரியுமா? பேருதான் ரிப்பேரு."

"அப்ப அதையே எழுதுங்க. ஊரே சிரிக்கும்."

ஹால்தார் பாபுவின் தபால் கடைசியில் வந்தது. பூஜை விடுமுறைக்கு முந்தின கடைசி வேலைநாள், காலை ஒன்பது மணி, வண்டி நிற்கும் இடத்திலேயே பரிசோதனை. அன்று காலையில்தான் மெட்ராஸ் மெயிலும் வருகிறது.

ஆகவே ஹவுராவுக்கு டாக்சியில் சுலோசனா போனாள். இராஜமாணிக்கம் இஸ்திரி போட்ட சட்டையோடு பந்தலுக்குள், வண்டிக்குப் பக்கத்தில் காவல் நின்றார். ஒன்பது மணிக்கு ஹால்தார் பாபு குடையும் கையுமாக வந்தார். மூங்கில்களைக் குனிந்து கடந்து, வண்டியை மூன்று முறை சுற்றினார். கதவை எண்ணினார். மறுபடி எண்ணினார். குடையைக் கூரைமேல் படுக்கவைத்து, அது எங்கே மட்டமாக இருக்கிறது எங்கே சரிகிறது என்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். தூணைத் தட்டினார். எங்கேயாவது வெட்டிய தழும்பு இருக்கிறதா என்று நகத்தால் சுரண்டினார்.

"கூரை சலூன் பக்கம் பேசுகிறது. கதவு கூபே பக்கம் பேசுகிறது" என்றார் கடைசியில். "பின்சீட்டைத்தான் கேட்க வேண்டும். முழு வளர்த்தியான ஆட்கள் இரண்டு பேர் வேண்டும்."

அந்த நேரத்தில் டாக்சி வந்து நின்றது.

சண்முகம் இறங்கினார். அவர் டாக்சியிலிருந்து இறங்குவது ஒரு நிகழ்ச்சி. முதலில் வயிறு, பிறகு தோள், அதன்பிறகு டாக்சி சற்று மேலே எழும்பும். பின்னாலேயே முறுக்கு டின்னை மடியில் இறுக்கிக்கொண்டு ராஜம்மா இறங்கினாள்.

"என்ன மாப்ள, பந்தல்ல நிக்கிய? மறுபடி கல்யாணமா?"

"வாங்க மச்சான். ஒரு நிமிஷம். அக்காவும் நீங்களும் இந்த வண்டியில கொஞ்சம் பின்னால ஏறி உக்காருங்க. எல்லாம் அப்புறம் சொல்லுதேன்."

ஹால்தார் பாபு சண்முகத்தை மேலிருந்து கீழே பார்த்தார். "முழு வளர்த்தி" என்று ஒப்புக்கொண்டார்.

முன்சீட்டை மடக்கினார்கள். சண்முகம் தலையை விட்டார், தோளை விட்டார், மூச்சை விட்டார். உள்ளே போய்விட்டார். பக்கத்தில் ராஜம்மாவும் டின்னும். ஹால்தார் பாபு ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, சண்முகத்தின் தலைக்கும் கூரைக்கும் நடுவே விரல்களை வைத்து அளந்தார். நான்கு விரற்கடை. முழங்கால் முன்சீட்டில் முட்டவில்லை. ராஜம்மா டின்னைத் திறந்து ஒரு முறுக்கை எடுத்துக் கடிக்கவும் இடம் இருந்தது.

"ஏ மாப்ள, இது யாரு வண்டி?"

"நம்ம வண்டிதான் மச்சான்."

சண்முகம் சாய்ந்து உட்கார்ந்தார். இருக்கையைத் தட்டினார். "நல்ல மெத்துனு இருக்குவே" என்றார் பிறகு, குரல் இறங்கி. "இனிமே உம்ம பாஸ் மாப்பிள்ளைங்க முடியாது போலுக்கே. பேர மாத்திர வேண்டியதுதான்."

பதினாறு வருஷம் இராஜமாணிக்கம் காத்திருந்த வாக்கியம் அது. மூங்கிலுக்கு மேலே எங்கேயோ டாக்கி என்கிற பூஜை மேளக்காரன் ஒத்திகை பார்த்த முரசு டம் டம் என்று அதிர்ந்தது. அவருக்கென்றே அடித்த மாதிரி இருந்தது.

ஹால்தார் பாபு பதிவுப் புத்தகத்தை வண்டியின் மூக்கின் மேல் விரித்தார். பேனா மூடியைக் கழற்றினார். "சந்தேகமில்லை. சலூன்" என்றார். பேனாவைக் கொண்டுபோய்க் கட்டத்தின் மேல் வைத்தார். அப்போதுதான் அவருக்கு ஏதோ ஞாபகம் வந்தது.

"ஆமாம், மானிக் பாபு, நீங்கள் ரயிலில் அந்த கூபே டிபார்ட்மென்ட் அல்லவா? தசமி கழித்து பூரி போகிறோம். நான், மனைவி, மாமியார். ஒரு கூபே கிடைத்தால் கதவைச் சாத்திக்கொண்டு நிம்மதியாகப் போகலாம்."

இராஜமாணிக்கம் வாயைத் திறந்தார். 'ஆகட்டும் சார், பார்க்கிறேன்' என்று சொல்லத்தான் திறந்தார். அதைச் சொல்லவேண்டும் என்று அவருடைய மனசு, வயிறு, இஸ்திரி போட்ட சட்டை எல்லாமே கெஞ்சின. ஆனால் பதினெட்டு வருஷமாக அந்த வாய் அந்தக் கேள்விக்கு ஒரே பதிலைத்தான் சொல்லிப் பழகியிருந்தது.

"மூணு பேருக்குக் கூபே கெடையாது சார். கூபே என்றால் இருவர்."

முரசு நின்றது.

"என் மாமியாருக்கு எண்பது வயது. முப்பத்தெட்டு கிலோ."

"எடை கணக்குல வராது" என்றது அந்த வாய். அதை யாராவது பிடித்து நிறுத்தமாட்டார்களா என்று இராஜமாணிக்கம் சுலோசனாவைப் பார்த்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

"கைக்குழந்தை?"

"கைக்குழந்தையும் கூடாது."

"இது மத்திய அரசு விதியா?"

"ஆமா சார்."

ஹால்தார் பாபு நீண்ட நேரம் அவரைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. தம் சொந்தச் சகோதரனைக் கூட்டத்தில் கண்டுகொண்ட மாதிரி இருந்தது. "மத்திய அரசே சொன்ன பிறகு மாநில அரசு முரண்படுவது அழகில்லை" என்றார். பிறகு எழுதினார். எழுத எழுதப் படித்தும் காட்டினார்.

"உடலமைப்பு: கூபே. மனுதாரர் தம் கையெழுத்திட்டுக் கொடுத்த மனுவின்படி. முந்தைய பதிவு எழுத்தர் பிழை. வண்டியை வெட்டிய குற்றச்சாட்டு கைவிடப்படுகிறது." இராஜமாணிக்கத்துக்கு மூச்சு வந்தது. "இருக்கை எண்ணிக்கை: முன்பு நான்கு. இப்போது, மனுதாரரே எடுத்துக்காட்டிய விதியின்படி, இரண்டு. ஓட்டுநர் உட்பட."

கையெழுத்து. முத்திரை. ஹால்தார் பாபு குடையை எடுத்துக்கொண்டு, ஜன்னல் வழியாகச் சண்முகத்தைப் பார்த்து மிகுந்த மரியாதையோடு சொன்னார்: "நீங்கள் இறங்கவேண்டும். சட்டப்படி நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடம் இல்லை."

"என்ன சொல்லுதாரு?" என்றார் சண்முகம்.

சுலோசனா தமிழில் சொன்னாள். சண்முகத்தின் முகம் முதலில் ஒன்றும் காட்டவில்லை. பிறகு வயிறு லேசாகக் குலுங்கத் தொடங்கியது. அப்புறம் வண்டி குலுங்கியது. பம்பரில் கட்டிய கயிறு வழியாகப் பந்தலும் குலுங்கியது.

"ரெண்டு பேரு! புருசன் பொஞ்சாதி மட்டும்! ஏ ராஜம்மா, நாம இங்க இல்லியாம்ல!" சிரித்து முடித்ததும்தான் ஒரு விஷயம் புரிந்தது. மடக்கிய முன்சீட்டு நிமிர்ந்து பூட்டிக்கொண்டிருந்தது. உள்ளிருந்து திறக்கத் தெரியவில்லை. "அதெல்லாம் சரி மாப்ள, வெளிய வர வழி எங்க?"

அந்தப் பூஜைக்கு அவர்கள் நான்கு பேரும் டிராமிலும் கால்நடையாகவும் போய் எண்பத்தொரு பந்தல் பார்த்தார்கள். ஒவ்வொரு பந்தலிலும் சண்முகம், வங்காள வழக்கப்படி நான்கு பிள்ளைகளோடு நிற்கிற துர்கையைக் கும்பிட்டுவிட்டு, "தாயே, உனக்குப் பிள்ளைக வேற நாலு பேரு இருக்காக. மாப்பிள்ளை வண்டியில எடமில்ல" என்றார். ஹால்தார் பாபு குடும்பம் பூரிக்கு நான்கு பேர் படுக்கும் கேபினில் போயிற்று. நான்காவது படுக்கையில் வந்த மனிதர் கட்டாக் வரை குறட்டை விட்டாராம். அது பற்றி ஒரு புகார் இராஜமாணிக்கத்தின் மேஜைக்கு வந்தது. அவர் அதைக் கோப்பில் வைத்தார்.

தை மாதத்தில் அம்பாசமுத்திரத்தில் ஒரு காதுகுத்துக்குப் போனபோது வாசலிலேயே குரல் கேட்டது. பெயர் உண்மையிலேயே மாறியிருந்தது.

"கூபே மாப்பிள்ளை வந்தாச்சா?"

அந்த வண்டியைப் பன்னிரண்டு வருஷம் இராஜமாணிக்கம் வைத்திருந்தார். தெருவில் யார் கேட்டாலும் ஏற்றமாட்டார். மழையில் நனைந்துகொண்டு நிற்கிற அலுவலக நண்பரைத் தாண்டி, இரண்டு விரலைக் காட்டிவிட்டுப் போவார். போலீஸ்காரர்கள் ஒரு நாளும் அந்தப் புத்தகத்தைக் கேட்டதில்லை. அது அவருக்குப் பொருட்டும் இல்லை. முன்சீட்டில் அவரும் சுலோசனாவும் மட்டும். பின்சீட்டில் லேக் மார்க்கெட்டிலிருந்து தேங்காய், வாழைக்காய், முருங்கைக்காய்.

"மூட்டைய ஆளாக் கணக்கெடுப்பாகளா?" என்று சுலோசனா ஒருமுறை கேட்டாள்.

அவர் அதைப் பற்றி டாலிகஞ்ச் வரை யோசித்தார்.

எண்பத்தைந்தில் பணி ஓய்வு பெற்று ஊருக்குக் கிளம்பும்போது வண்டியை ஜாதவ்பூர்க்காரர் ஒருவர் வாங்கிக்கொண்டார். எஞ்சினியர். வண்டிகளைப் பற்றி நன்றாகத் தெரிந்தவர். இராஜமாணிக்கத்தின் மேஜையிலேயே உட்கார்ந்து பெயர் மாற்ற மனுவை நிரப்பினார். எண், எஞ்சின் எண், நிறம். உடலமைப்பு வகை என்ற கட்டம் வந்தது. அவர் பதிவுப் புத்தகத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. ஜன்னல் வழியாக வண்டியை ஒரு தடவை பார்த்தார். மட்டமான கூரை, தூண், மூன்று பெட்டி. சந்தேகமே இல்லாமல் எழுதினார்: சலூன்.

இராஜமாணிக்கம் வாயைத் திறந்தார். மனைவி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காபி சாப்பிடுதியளா?" என்றார் அவர், எஞ்சினியரைப் பார்த்து.